ஆறு ஆம்பியர் சீர்

மதுரையில் ஒரு பஞ்சாலையின் மின்சாரக் கொட்டகையில் தவசி என்று ஒருவர் இருக்கிறார். ஆளுயரப் பலகைக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மணிக்கொரு தரம் வோல்ட் எவ்வளவு, ஆம்பியர் எவ்வளவு என்று பார்த்து நோட்டில் எழுதுவதுதான் அவர் வேலை. இருபது வருஷமாக இதையே செய்துவருகிறார். அவருடைய ஊர்க்காரர்களுக்கு இது இன்றுவரை விளங்கவில்லை. மம்பட்டி பிடிக்காமல், மூட்டை தூக்காமல், ரெண்டு முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஆளுக்கு வெள்ளைக்காரன் ராஜ்யத்தில் எதற்காகச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று முன்பு கேட்டார்கள். வெள்ளைக்காரன் போய் ஒரு வருஷம் ஆகிறது. நம் ராஜ்யத்திலும் கொடுக்கிறார்களே, அது எதற்காக என்று இப்போது கேட்கிறார்கள்.

மில் பலகையில் முள் நூறுக்கும் இருநூறுக்கும் நடுவில் ஆடும். அதைப் பார்த்து அவருக்கு ஒன்றும் தோன்றுவதில்லை. ஆனால் எங்காவது சின்ன மோட்டாரைச் சோதிக்கக் கைப்பெட்டி மீட்டரை மாட்டி, முள் மெல்ல எழுந்து ஆறில் போய் நின்றுவிட்டால் போதும், மனுஷர் கொஞ்ச நேரம் இங்கே இருக்கமாட்டார். பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய மாசி மாதத்துச் சாயங்காலம் ஒன்றுக்குப் போய்விடுவார். எழுமலைக்கு மேற்கே ஒரு பொட்டல், அதில் ஒரு கோயில், எட்டத்தில் ஒரு புளியமரம், மரத்தடியில் தடதடவென்று ஓர் எஞ்சின். எஞ்சின் புகையின் வாசனைகூட மூக்கில் ஏறும் என்பார். அந்தக் கதையைத் தொடங்கும்போது முகம் மலர்ந்துவிடும். முடிக்கும்போது மட்டும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார்.

அப்போது அவருக்கு முப்பது வயது. முப்பது வயதுத் தவசியை அவன் என்றே சொல்லலாம், அவர் கோபித்துக்கொள்ளமாட்டார். அந்தப் பயல் செய்த காரியத்துக்கு 'அவர்' போட்டுப் பேச அவருக்கே விருப்பமில்லை.

அவனுக்கு ஒரே தங்கச்சி, முத்துத்தாய். தாயும் தகப்பனும் சீக்கிரமே போய்விட, அண்ணன்தான் அவளைத் தோளில் போட்டு வளர்த்தான். எழுமலை நல்லகாமனுக்குக் கட்டிக் கொடுத்ததும் அவன்தான். அவளுக்குத் தலைப்பிள்ளை பேயாண்டி பிறந்தான். காதுகுத்து வந்தது. தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும். மேற்கத்திச் சீமையில் ஒரு ஆம்பளைக்கு இதைவிடப் பெரிய உரிமை கிடையாது. சொத்தில் பங்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவனைப் பார்த்திருக்கிறோம். மாமன் மடியை விட்டுக் கொடுத்தவனைப் பார்த்ததில்லை.

தவசி விட்டுக் கொடுத்தான். அவனோடு மாறி மாறிப் பலகை பார்க்கிற ஆளுக்கு அன்றைக்குக் காய்ச்சல். "பலகையை விட்டுட்டு எப்படி வாரது, மில்லே நின்னுபோகும்" என்று சொல்லியனுப்பிவிட்டான். உண்மையைச் சொன்னால், பட்டறையில் கேட்டிருந்தால் ஒரு நாளைக்கு யாராவது வந்து உட்கார்ந்திருப்பார்கள். அவன் கேட்கவில்லை. தான் எழுந்து போனால் அத்தனை தறியும் நின்றுவிடும் என்று நினைப்பதில் அவனுக்கு அந்த வயதில் ஒரு சுகம் இருந்தது. எழுமலையில் காத்துக் காத்துப் பார்த்துவிட்டு, அவனுடைய பெரியப்பா மகன் விருமாண்டியின் மடியில் பிள்ளையை வைத்துக் காதைக் குத்திவிட்டார்கள்.

முத்துத்தாய் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நாலு நாளில் தீர்ந்திருக்கும். அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். பொங்கலுக்குச் சீர் கொண்டுபோனால் புருஷன் வாங்கி வைப்பான், சோறு போடுவான், அவள் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சொம்புத் தண்ணீரை நகர்த்தி வைப்பாள். நாலு வருஷம் இப்படியே போனது. மில்லில் அவன் வாய் ஓயாமல் பேசுகிறவன். எழுமலை பஸ் ஏறினால் மட்டும் ஊமையாகிவிடுவான்.

இதற்கு நடுவில் இரண்டாவது பிள்ளையாக இருளாயி பிறந்திருந்தாள். அவளுக்குக் காதுகுத்து வைத்து, மில் வாசலுக்கே வந்து வெற்றிலை பாக்கு வைத்தான் நல்லகாமன்.

"மாசிச் சிவராத்திரிக்கு வச்சிருக்கோம் மச்சான். எங்க குலசாமி கோயில்ல. பொழுது அடையவும் சாமிக்கு மொத தீபம் காட்டுவாக, காட்டுன கையோட குத்திரணும், அதான் எங்க வழக்கம்."

"முத்து எதுவும் சொல்லிவிட்டாளா மாப்ள?"

நல்லகாமன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். "வெத்தலையை எண்ணிக் குடுத்தது அவதான்" என்றான். அதற்கு மேல் பாவம் அவனிடம் ஒன்றும் இல்லை.

அந்த வெற்றிலையைக் கையில் வைத்துக்கொண்டு தவசி ரொம்ப நேரம் நின்றான். இந்தத் தடவை போய்த்தான் தீர வேண்டும். சும்மா போனால் போதுமா? நாலு வருஷத்துக்கும் சேர்த்து ஏதாவது செய்ய வேண்டுமே? எழுமலைப் பக்கம் எவனும் கொண்டுபோகாத சீராகக் கொண்டுபோக வேண்டும். கோயில் பொட்டல் முழுக்க மின்சார விளக்குப் போட்டுவிடுவது என்று முடிவு செய்தான். எந்த வேலை அவனைத் தங்கச்சியிடமிருந்து பிரித்ததோ அந்த வேலையையே கொண்டுபோய் அவள் வாசலில் நிறுத்தினால் அவள் மனசு இளகிவிடும் என்பது அவன் கணக்கு. ஆம்பளைகள் இப்படித்தான் கணக்குப் போடுவார்கள்.

தெற்கு மாசி வீதிக்குப் பக்கத்துச் சந்தில் சௌரிராஜன் என்று அவனுக்கு ஒரு சிநேகிதன். வீட்டில் தறி ஓட, இவர் மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு அலைகிறார் என்று அவருடைய வீட்டில் சௌராஷ்டிர பாஷையில் திட்டிக்கொண்டே இருப்பார்கள். கல்யாணங்களுக்கு வாடகைக்கு விட அவரிடம் ஒரு மண்ணெண்ணெய் எஞ்சினும் டைனமோவும் இருந்தன. இருநூற்றிருபது வோல்ட். கூடவே முப்பது ஹோல்டர் கோத்த நீளமான வயர். எல்லாவற்றையும்விட அவர் உயிராக வைத்திருந்தது ஒரு மரப்பெட்டி மீட்டர். ஒரே முள்தான். திருகைத் திருப்பினால் வோல்ட் காட்டும், இன்னொரு பக்கம் திருப்பினால் ஆம்பியர் காட்டும். பட்டுத் துணியில் சுற்றி வைத்திருப்பார்.

"வாடகை வேண்டாம் தவசி, உன் தங்கச்சி என் தங்கச்சி" என்றார் சௌரிராஜன். "எங்க வீட்டுலயும் அன்னைக்கு விசேஷம், நான் வரமுடியாது. ரெண்டு விஷயம் சொல்றேன், கேட்டுக்கோ. வோல்ட் பாக்குறப்போ ரெண்டு கம்பிக்கும் குறுக்கால வை. ஆம்பியர் பாக்குறப்போ ஒரு கம்பியை வெட்டி நடுவுல வை. மாத்தி வச்சே, பெட்டி புகைஞ்சிரும்."

"நான் எட்டு வருசமா இதைத்தானய்யா பாக்குறேன்."

"அதனாலதான் சொல்றேன். தெரியாதவன் தொடமாட்டான். ரெண்டாவது, டைனமோ ஆறு ஆம்பியருக்கு மேல தாங்காது. பக்கத்துல ஆள் இல்லாம எஞ்சினை ஓடவிடாதே. எனக்கு இருக்கிறது இது ஒண்ணுதான்."

தவசி அவர் கையைப் பிடித்துச் சத்தியம் பண்ணினான்.

பஞ்சு ஏற்ற எழுமலைக்குக் காலியாகப் போகிற மில் லாரியில் எஞ்சின் ஏறியது. திருமங்கலத்தில் லாரி நின்றபோது டீக்கடை முழுக்க வந்து அதைத் தொட்டுப் பார்த்தது. எழுமலையிலிருந்து கோயிலுக்கு மாட்டு வண்டி. கோயிலில் பிள்ளைகள் பயப்படக்கூடாதென்று எஞ்சினை அறுபது எழுபது அடி தள்ளிப் புளியமரத்தடியில் இறக்கினார்கள். அங்கிருந்து பந்தல் வரை மூங்கில் நட்டு வயரை இழுத்துக் கட்டினான் தவசி. அறுபது வாட் பல்பு பதினெட்டு மாட்டினான். ஒரு பல்பு கால் ஆம்பியருக்குச் சற்று மேலே இழுக்கும், ஆகப் பதினெட்டுக்கும் ஐந்துக்கு உள்ளே நிற்கும். பன்னிரண்டு ஹோல்டரை வெறுமனே தொங்கவிட்டான். அங்கேதான் பிசகினான்.

சூரியன் மறையும் வேளையில் எஞ்சினைச் சுழற்றினான். முதலில் பெட்டியைக் குறுக்கே வைத்து வோல்ட் பார்த்தான், சொல்லி வைத்த மாதிரி இருநூற்றிருபது. பிறகு எஞ்சினை நிறுத்தி, கம்பியைப் பிரித்து, திருகை ஆம்பியருக்குத் திருப்பி நடுவில் வைத்து முடுக்கி, மறுபடி ஓட்டினான். முள் எழுந்து ஐந்துக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம் நின்றது. பொட்டல் முழுக்க வெள்ளை வெளேரென்று ஆனது. மரத்தில் அடையவந்த கொக்குகள் கலைந்து பறந்தன. சனம் 'ஆ' என்றது. பெண்கள் கூட்டத்தில் முத்துத்தாய் நிமிர்ந்து பார்த்ததைத் தவசி பார்த்தான். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இருந்தாலும் பார்த்தாளல்லவா? அவனுக்கு அது போதும் என்றிருந்தது. வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக ஒரு முள்ளைப் பார்த்ததில்லை என்பார் இன்றைக்கும்.

மாமன் சீர் என்றால் மாமன் மட்டும் வருவதில்லை. அவனுடைய பங்காளிகள் அத்தனை பேரும் ஆளுக்கொரு தட்டுத் தூக்கி வருவார்கள். முன்பெல்லாம் ஒவ்வொருத்தர் தட்டுக்கு முன்னாலும் அவரவர் தீவட்டி வரும். தீவட்டி இல்லாத தட்டு, முகவரி இல்லாத தட்டு. இந்த வருஷம் தவசி கரண்டு விளக்குப் போடுகிறான் என்று செய்தி போனதும் பங்காளிகள் யோசித்தார்கள். தீவட்டி கொண்டுபோனால் பட்டிக்காட்டான் என்பார்கள். ஒன்றும் கொண்டுபோகாவிட்டால் தவசி விளக்கில் ஒண்டிக்கொண்டான் என்பார்கள். ஆகவே ஒன்பது பேரும் ஒருத்தருக்கொருத்தர் சொல்லாமல் ஆளுக்கொரு பல்பு வாங்கி, வேட்டியில் சுற்றி, மடியில் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

தவசி மரத்தடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஐந்தில் நின்ற முள் சின்னதாக ஒரு துள்ளல் துள்ளி மேலே போய் நின்றது. என்ன இது என்று பார்த்தான். கொட்டுச் சத்தம் கேட்டது. இன்னொரு துள்ளல். பந்தல் பக்கம் எட்டிப் பார்த்தால், அவனுடைய சித்தப்பா ஒருவர் தட்டை இறக்கி வைத்துவிட்டு, மடியிலிருந்து பல்பை எடுத்து, வெறும் ஹோல்டரில் அழுத்தித் திருகிக்கொண்டிருக்கிறார். எங்கே கற்றுக்கொண்டாரோ! அது எரிந்ததும் மீசையைத் தடவிக்கொண்டு அதன் கீழேயே நின்றார். அடுத்தவர் வந்தார். அடுத்த துள்ளல். யார் வந்தார்கள் என்று தவசி தலை தூக்கிப் பார்க்கவே வேண்டியதில்லை, உறவுமுறை வர வர முள்ளே சொல்லியது. பங்காளி வீரணன் வந்தபோது முள் அரை ஆம்பியர் தாவியது. கடையில் இருப்பதிலேயே பெரிசாகக் கொடு என்று கேட்டு நூறு வாட் வாங்கி வந்திருந்தான்.

முள் ஏழரையில் போய் நின்றது. டைனமோவின் மேல் கையை வைத்த தவசி வெடுக்கென்று எடுத்துக்கொண்டான். சுருள்களில் பூசிய வார்னிஷ் சூடேறுகிற வாடை வந்தது.

நல்ல வேளையாக, நல்ல வேளையோ கெட்ட வேளையோ, விருமாண்டி எஞ்சினைப் பார்க்க அந்தப் பக்கம் வந்தார். முன்பு பேயாண்டியை மடியில் வைத்துக்கொண்ட அதே விருமாண்டி. ஊருக்குப் பெரிய மனுஷர். அவரைக் கண்டாலே தவசிக்கு அந்த மடிதான் முதலில் கண்ணில் படும்.

"அண்ணே, பல்பு ஒம்போது கூடிப்போச்சு. கழட்டச் சொல்லுங்க" என்றான் தவசி.

"யார் பல்பைக் கழட்டச் சொல்ற?"

தவசி பந்தலில் எரிந்த அந்த ஒன்பதையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான். யார் பல்பைக் கழற்றினாலும் அவன் தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான், அந்த வீட்டோடு மூன்று தலைமுறைக்குக் கொடுக்கல் வாங்கல் இருக்காது. எழுமலைப் பக்கத்தில் இதற்குக் குறைந்த விஷயத்துக்கெல்லாம் ஊர் ரெண்டுபட்டிருக்கிறது.

"பல்பு அவுக அவுக வாங்கியாந்தது. உனக்கென்ன செலவு?" என்றார் விருமாண்டி.

"பல்பு அவுகளுதுதாண்ணே. அதுல ஓடுற கரண்டை இந்த எஞ்சினு குடுக்கணும்ல? இது ஆறுக்கு மேல தாங்காது. இந்தா பாருங்க முள்ளை, ஏழரை. வெந்துபோகும்."

விருமாண்டி குனிந்து முள்ளைப் பார்த்தார். அவருக்கு என்ன புரிந்ததோ. "கம்மாய் மாதிரின்னு சொல்லு" என்றார்.

"கம்மாய் மாதிரிதான். இம்புட்டு மடையையும் தொறந்தா எங்குட்டுத் தாங்கும்?"

"கம்மாயில தண்ணி கம்மின்னா வீரணன் மடையை மட்டும் அடைச்சிருவமா? வெட்டுக்குத்து ஆகிப்போகும்டா. எல்லா மடையிலயும் ஒண்ணு போலக் கொறைச்சில்ல விடுவோம்."

தவசி அவரை நிமிர்ந்து பார்த்தான். எட்டு வருஷமாகப் பலகை பார்க்கிறவனுக்குத் தோன்றாதது, கண்மாய் பார்க்கிற மனுஷருக்குத் தோன்றிவிட்டது. எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனாலும் கை தானாக, டைனமோவின் வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கிற ரெகுலேட்டர் பிடிக்குப் போனது. மெல்ல மெல்லப் பின்னால் திருப்பினான். வோல்ட் இறங்க இறங்க இருபத்தேழு பல்பும் சேர்ந்தாற்போல மங்கின. வெள்ளை மஞ்சளாகி, மஞ்சள் செம்மஞ்சளாகியது. முள் ஏழரையிலிருந்து ஏழுக்கு வந்தது, ஆறரைக்கு வந்தது, கடைசியில் ஆறில் வந்து நின்றது. வோல்ட் எவ்வளவு என்று பார்க்க வேண்டுமானால் பெட்டியைப் பிரிக்க வேண்டும், எல்லாம் அணைந்துவிடும். பல்பின் நிறத்தைப் பார்த்தே நூற்றைம்பது இருக்கும் என்று எடைபோட்டுக்கொண்டான்.

பந்தலில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. ஒவ்வொருத்தரும் தன் பல்பைப் பார்த்தார், பக்கத்துப் பல்பைப் பார்த்தார். எல்லாம் ஒரே கதி. "கரண்டு வெளக்குன்னா பொழுது சாய இப்படித்தான் செவக்கும் போல" என்றான் வீரணன். அத்தோடு அது அடங்கியது. விருமாண்டி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சிரித்தார்.

ஆனால் தவசி இனிமேல் ஓர் அங்குலம் நகர முடியாது. எவனாவது இன்னொரு பல்பை மாட்டினால் முள் ஏறும், பிடியைத் தள்ள வேண்டும். எவனாவது கோபித்துக்கொண்டு கழற்றினால் மற்றதெல்லாம் பளிச்சென்று ஏறும், மறுபடி திருப்ப வேண்டும். எஞ்சினும் இருமிக்கொண்டிருந்தது. கண்ணை முள்ளிலேயே நட்டுவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

நன்றாக இருட்டியது. கோயில் மணி அடித்தது. நல்லகாமன் ஓடி வந்தான்.

"மச்சான், பூசாரி தீபத்துக்குத் திரி போட்டுட்டாரு. ஆசாரி ஊசியோட உக்காந்துட்டாரு. வாங்க, வாங்க."

"ஒரு நிமிசம் மாப்ள. முள்ளு ஒரு நெலைக்கு வரட்டும்."

"அது வரவரைக்கும் சாமி காத்திருக்குமா?"

"விட்டுட்டு வந்தா எஞ்சினு போயிரும் மாப்ள. அடுத்தவன் பொருளு, சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன். அமத்திட்டு வந்தா காது குத்துற நேரத்துல பொட்டல் இருட்டாயிரும். சுப காரியத்துல அது ஆகுமா? ஊரே முத்துவை ஏசும்."

நல்லகாமன் கையைப் பிசைந்தான். விருமாண்டி ஒரு எட்டு முன்னால் வந்தார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அதைத் தவசி ஒத்துக்கொள்வார். "நீ உன் சோலியைப் பாருப்பா. நான் போயி மடியில வச்சுக்கிறேன். அன்னைக்கும் நான்தானே உக்காந்தேன்?"

அப்போது என்ன செய்திருக்க வேண்டும் என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். தவசி முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமலேயே, "சரிண்ணே" என்றான்.

அந்த 'சரிண்ணே'யை நினைத்தால் இன்றைக்கும் அவருக்கு உடம்பு கூசுகிறது. நாலு வருஷம் ஏங்கியது, சௌரிராஜனிடம் கெஞ்சியது, லாரி, வண்டி, மூங்கில், எல்லாம் எந்த ஒரு நிமிஷத்துக்காகவோ, அந்த நிமிஷம் வந்தபோது கொடுத்துவிட்டான். கொடுத்ததுகூடத் தெரியாமல் கொடுத்தான்.

விருமாண்டியும் நல்லகாமனும் பந்தலுக்குப் போனார்கள். கொட்டுச் சத்தம் கேட்டது. பிறகு நின்றது. ஏதோ சலசலப்பு. தவசி முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆறு. ஆறேதான்.

முள்ளின் மேல் ஒரு நிழல் விழுந்தது.

முத்துத்தாய் நின்றாள். இடுப்பில் பிள்ளை. புதுப் பாவாடை, தலையில் கனகாம்பரம், மாமன் சீராகப் போட்ட சங்கிலி. ஓட்டமாக வந்திருக்கிறாள், மூச்சு வாங்கியது. நாலு வருஷத்துக்குப் பிறகு அவளை இவ்வளவு கிட்டத்தில் பார்க்கிறான். இளைத்துப் போயிருந்தாள்.

"அன்னைக்கும் முள்ளு. இன்னைக்கும் முள்ளா?" என்றாள்.

அவள் குரல் கேட்டதிலேயே அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் வாய் பழைய பாட்டையே பாடியது. "உனக்காகத்தான் ஆத்தா இம்புட்டும். வெளக்கு அணைஞ்சா உனக்குத்தான் தலைகுனிவு. கொஞ்சம் பொறு…"

"நான் வெளக்கு கேட்டனா? வெத்தலையை எண்ணிக் குடுத்துவிட்டப்ப, வரும்போது வெளக்கு கொண்டாரச் சொல்லிவிட்டனா? எம்பிள்ளைக்கு மாமன் வேணும்னு குடுத்துவிட்டேன். அன்னைக்கு நீ வரலைன்னு விருமாண்டி அண்ணன் மடியில வச்சாக. இன்னைக்கு இந்தா இருக்க, கண்ணு முன்னாடி இருக்க, இன்னைக்கும் அவுக மடியா? அதுக்கு நீ வராமலே இருந்திருக்கலாம்."

பிள்ளை அம்மாவின் முகத்தைப் பார்த்தது, இவனைப் பார்த்தது, உதட்டைப் பிதுக்கியது.

தவசி எழுந்தான். எஞ்சினுக்குப் போகிற எண்ணெய்க் குழாயை அடைத்தான். தடதடத்துக்கொண்டிருந்த எஞ்சின் நாலு தடவை விக்கி, நின்றது. முள் ஆறிலிருந்து ஐந்துக்கு, மூன்றுக்கு, ஒன்றுக்கு, சுழிக்கு இறங்கிப் படுத்தது. இருபத்தேழு பல்பும் கனல் மாதிரி சிவந்து அவிந்தன. பொட்டல் கும்மிருட்டானது.

"எவன்டா வெளக்கை அமத்துனது?" என்று வீரணன் கத்தினான். "எம்பல்பு போச்சு!" என்றது இன்னொரு குரல். எங்கோ ஒரு தட்டு உருண்டது. பெண்கள் 'அய்யோ' என்றார்கள். இவ்வளவு நேரம் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்த தவசிக்குக் கண் முன்னால் ஒன்றும் தெரியவில்லை. ஒரு கல்லில் இடறினான்.

அவன் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது.

"பாத்து வாண்ணே. வழியெல்லாம் வேரா இருக்கு."

அண்ணே. நாலு வருஷம். சின்ன வயதில் அவளை இப்படிக் கையைப் பிடித்து எத்தனையோ வரப்பில் கூட்டிப் போயிருக்கிறான். இப்போது அவள் முன்னால் நடந்தாள், அவன் பின்னால் போனான்.

கோயிலுக்குள் பூசாரி ஏற்றிய தீபம் மட்டும் எரிந்தது. பிறகு யாரோ ரெண்டு அகலைக் கொண்டுவந்து ஆசாரிக்குப் பக்கத்தில் வைத்தார்கள். ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்த விருமாண்டி, தவசியைப் பார்த்ததும் எழுந்து இடம் விட்டார். தவசி சம்மணம் போட்டு உட்கார்ந்தான். முத்துத்தாய் பிள்ளையை அவன் மடியில் வைத்தாள். பிள்ளை கனமாக, சூடாக இருந்தது. எஞ்சின் எண்ணெய் பட்ட கையால் தொடலாமா என்று அவன் தயங்க, பிள்ளை அவன் விரலைத் தானே பிடித்துக்கொண்டது.

ஆசாரி மஞ்சள் தடவிய ஊசியை எடுத்தார். கொட்டு முழங்கியது. வலது காது, இடது காது. பிள்ளை வீரிட்டது. தவசி அதன் தலையைத் தன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். "ஒண்ணுமில்ல தாயி, ஒண்ணுமில்ல, மாமன் இருக்கேன்ல" என்றான். அதைச் சொல்லிக்கொண்டே அவனும் அழுதான். முத்துத்தாய் அவனுக்குப் பின்னால் ஒட்டி உட்கார்ந்திருந்தாள்.

நல்லகாமன் குனிந்து காதோரம் கேட்டான். "மச்சான், குத்தியாச்சு. பந்தி போடணும், சனம் இருட்டுல நிக்குது. போயி வெளக்கைப் போட்டுருவமா?"

"இந்தா வாரேன் மாப்ள" என்று தவசி எழப் போனான்.

பின்னாலிருந்து முத்துத்தாயின் கை அவன் தோளை அழுத்தியது. அவள் தலை அவன் முதுகில் சாய்ந்தது. சட்டை நனைவது அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. நாலு வருஷமாகக் கதவுக்குப் பின்னாலேயே அடக்கி வைத்திருந்ததையெல்லாம் அவள் அழுதுகொண்டிருந்தாள், சத்தம் வெளியே வராமல், உடம்பு குலுங்கக் குலுங்க. வெளிச்சம் வந்தால் சபையே அவள் முகத்தைப் பார்த்துவிடும்.

"இருக்கட்டும்ணே" என்றாள். "கொஞ்ச நேரம் கழிச்சுப் போடு."

தவசி எழுந்திருக்கவில்லை.